வறுமைக்கு நாற்காலி போட்ட லயம்

எங்கள் வீட்டில் வறுமை இருக்கிறது என்பதை எங்களைத் தவிர வேறு யாரும் நம்பவில்லை. அரசாங்கம் நம்பவே இல்லை. அதை நம்ப வைக்க நான் பட்ட பாட்டை ரப்பர் மரத்தில் பட்டிருந்தால் இரண்டு வாளி பாலாவது கூடுதலாக இறங்கியிருக்கும்.

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். சரிவில் நீளமாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா எங்களுடையது. காம்பரா என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, முன்னால் ஒரு சின்ன விறாந்தை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். அதில் நான், என் இரண்டு பெண் பிள்ளைகள், என் அம்மா. என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்தார். நாடே வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை எல்லாம் முடிந்து, கடையில் சாமான் இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை என்கிற அளவுக்கு நாடு முன்னேறியிருந்தது.

நான் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மழை எப்போது பெய்யும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள், அதற்குத் தோட்டத்துத் தொரைக்கும் பதில் தெரியாது.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மாவுக்கு வயிற்றுக்கோளாறு ஆரம்பித்தது. அதிசயமான கோளாறு அது. பகலில் இருக்காது. இரவில் சட்டியில் சோறு குறைவாக இருக்கும் நாட்களில் மட்டும் வரும். "எனக்கு வயிறு மந்தமா கெடக்கு, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லி, ஒரு கோப்பை பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அரிசி விலை ஏற ஏற அவள் வயிறும் கெட்டுக்கொண்டே போயிற்று. எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாத இந்த நோயை நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன செய்ய? என் பங்கை அவள் தட்டில் போட்டால் அவள் அதைப் பிள்ளைகள் தட்டில் போடுவாள். நான் சத்தம் போட்டால் "சின்னப் புள்ளைங்க முன்னாடி கத்தாத" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உணவுக்கு நிவாரணம் கொடுக்கப் போகிறார்களாம். மாதாமாதம் அரிசி, பருப்பு, கோதுமை மா வாங்கக் காசு நேரே வங்கிக்கு வந்துவிடுமாம். ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாதல்லவா? உண்மையான ஏழை யார், ஏழை வேஷம் போடுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். அதற்காக ஓர் அதிகாரி அம்மா வீடு வீடாக வருவார், கேள்வி கேட்பார், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார் என்று காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கங்காணி சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே எங்கள் லயத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் யார் வீட்டிலும் எல்லாம் இருக்காது. ஆனால் லயத்தில் எல்லாம் இருக்கும். கடைசிக் காம்பராவில் கத்தார் அத்தை இருக்கிறார். கேகாலையைத் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை, மகன் கொஞ்சக் காலம் கத்தாரில் இருந்ததால் அந்தப் பெயர். அந்தக் காலத்தின் மிச்சமாக அவர் வீட்டில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடி போட்ட ஒரு டீப்பாய், நிற்க வைக்கிற மின்சாரக் காற்றாடி ஒன்று உண்டு. இன்னொரு வீட்டில் தங்கக்கரை போட்ட கோப்பைகள். வேறொரு வீட்டில் பூ வேலை செய்த மேசைவிரிப்பு. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் இவை எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். வருகிறவர்களும் லயத்து ஆட்கள்தான். நாங்கள் பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் அங்கேயும் யாரோ ஒருவருடைய நாற்காலியில்தான் உட்காருவோம். அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரை ஒருவர் "வீடு லெச்சணமா இருக்கு" என்று பாராட்டிக்கொள்வோம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, எங்கள் லயத்தில் கூழ் இல்லாத நாட்களில்கூட மீசை இருக்கும்.

அதிகாரி வருகிற நாள் கொஞ்சம் வெயில் அடித்ததால் நான் வெட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, மேலெல்லாம் பால் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து பார்த்தால், அது என் வீடு இல்லை. விறாந்தையில் சிவப்பு நாற்காலிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் கண்ணாடி டீப்பாய், அதன்மேல் பூப்போட்ட விரிப்பு. மூலையில் காற்றாடி நின்றுகொண்டு இப்படியும் அப்படியும் தலையை ஆட்டியது. அம்மா பொங்கலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

"என்னம்மா இது? வர்றவங்க நம்ம கஷ்டத்தப் பார்க்கத்தான் வர்றாங்க" என்று கேட்டேன்.

"கஷ்டத்தப் பார்க்க வந்தா? வந்தவங்கள தரையிலயா ஒக்கார வைப்பாங்க?" என்றாள் அம்மா. "ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. போயி மேல கழுவு, நாறுது."

நான் சண்டை போடுவதற்குள் படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. வந்தவர் இளம் சிங்களப் பெண். கையில் குடை, ஒரு பெரிய போன். அதில்தான் எங்கள் தலையெழுத்தைத் தட்டித் தட்டி அனுப்புவாராம். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டோம். ஏதோ வகுப்பில் படித்த தமிழ் கொஞ்சம் பேசினார். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறினார்.

"அம்மே, வீடு லஸ்ஸனய்" என்றார் உட்கார்ந்துகொண்டே. அழகாக இருக்கிறதாம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நிவாரணமே கிடைத்துவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த ஃபேன் இருக்குது, கதிரை இருக்குது. வீட்டில வேற என்ன குறை, அம்மே?"

"ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லிங்க மிஸ்" என்றாள் அம்மா.

வந்தவர் நலம் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அது. அவள் அம்மா அதைத்தான் சொல்லியிருப்பாள், அவளுக்கு முந்தியவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இந்தப் பதிலை யாரும் எழுதி எடுத்துக்கொண்டு போய் மேலிடத்துக்கு அனுப்பியது கிடையாது. மிஸ் அனுப்பினார். அவர் விரல் போனில் டக் டக் என்று தட்டியதை நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்றாடி எங்களுடையது இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தங்கக்கரைக் கோப்பையில் தேநீரை நீட்டிக்கொண்டு எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

மிஸ் அடுத்த வீட்டுக்கு எழுந்தார். அப்புறம் நடந்ததை நான் அடுப்படி வழியாகப் பார்த்தேன். அவர் முன்பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கத் தண்ணீர்க் கானோரமாக இரண்டு பெண்கள் எங்கள் வீட்டு நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். பின்னால் ஒருத்தி காற்றாடியைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். கத்தார் அத்தை டீப்பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போங்கடி, கண்ணாடி, கண்ணாடி" என்று கிசுகிசுத்துக்கொண்டே போனார். மிஸ் அடுத்த விறாந்தையில் ஏறும்போது நாற்காலிகள் அங்கே மூச்சுவாங்காமல் உட்கார்ந்திருந்தன. அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு லயம் முழுக்க அவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கோப்பையில் தேநீர் குடித்தார். பாதி லயம் தாண்டியதும் தேநீர் மட்டும் வேண்டாம் என்றார்.

சாயந்தரம் லயத்தில் ஒரே திருப்தி. கல்யாணம் நல்லபடியாக முடிந்த மாதிரி எல்லோரும் விறாந்தையில் உட்கார்ந்து பேசினார்கள். "மிஸ்ஸுக்கு நம்ம லயம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார் கத்தார் அத்தை. பிடித்துத்தான் போயிருந்தது. சில வாரம் கழித்து நிவாரணம் கிடைத்தவர்களின் பெயர்களை ஒட்டியபோது எங்கள் லயத்தில் ஒரு பெயர்கூட இல்லை. எல்லோரும் வசதியான குடும்பம். எல்லோர் வீட்டிலும் தளபாடம், மின்விசிறி, கண்ணாடி மேசை. தோட்டத்து லயம் ஒன்று இப்படி ஒரே நாளில் பணக்கார லயமானது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. கடைவீதிப் பக்கம் மாடி வீட்டுக்காரர் ஒருவருக்கு நிவாரணம் கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதிகாரி போனபோது அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். விவரம் தெரிந்த மனிதர்.

அம்மாவுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்ததை நான் பார்த்தேன். "பின்ன, ஏழைன்னு எழுதுற மாதிரியா நம்ம வீடு இருந்துச்சு?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் சட்டியை எறிந்திருப்பேன். சட்டியில் கொஞ்சம் சோறு இருந்ததால் எறியவில்லை.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. அம்மாவின் வயிற்றுக்கோளாறு இப்போது பகலிலும் வர ஆரம்பித்தது. கையில் கிடந்த கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனவள் அங்கேயே குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். என் மூத்தவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் அம்மா நடந்து வந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதுவரை எனக்கு இருந்தது கோபம்தான். கோபத்தோடு வாழ்ந்துவிடலாம். இந்தப் பயத்தோடு ஓர் இரவுகூடத் தூங்க முடியவில்லை. அவள் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாளே பிரதேச செயலகத்துக்கு பஸ் ஏறினேன். மேன்முறையீடு செய்யலாமாம். நம் நாட்டில் இருக்கிற சொத்தை இல்லை என்று சொல்வதற்குத்தான் பெரிய மனிதர்கள் அலைவார்கள், அதற்கு வக்கீலும் வைத்துக்கொள்வார்கள். இல்லாத நாற்காலியை இல்லை என்று சொல்வதற்கு வரிசையில் நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். என் முறை வந்ததும் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி கத்தார் அத்தையுடையது, கோப்பை இன்னொருத்தருடையது, விரிப்பு வேறொருத்தருடையது என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப எதுக்கு அதையெல்லாம் கொண்டுவந்து வச்சீங்க?"

"வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு சொன்னாங்க, சேர்."

அவருக்கு அது காரணமாகப் படவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார். திரும்பவும் வந்து பார்ப்பார்கள் என்றார்.

விஷயம் தெரிந்ததும் லயம் விழித்துக்கொண்டது. இந்தத் தடவை தலைமை கத்தார் அத்தை. "அண்ணி, நீங்க வாயத் தொறக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளித் தன் காம்பராவுக்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டிலேயே இருந்த கொஞ்சநஞ்சத்தையும் விடவில்லை. அலுமினியச் சட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, பிள்ளைகளின் குடை எல்லாம் போயின. சாமி படத்தையும் கழற்றப் போனார், அம்மா அதட்டியதால் விட்டார்.

"எல்லாத்தயும் எங்க வீட்லயே போடுங்க. நாங்கதான் கத்தார் பணக்காரங்களாச்சே, எங்களுக்கு எப்படியும் குடுக்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மகன் கத்தாரிலிருந்து திரும்பி வந்து எங்களோடுதான் பால் வெட்டிக்கொண்டிருந்தான். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அதே மிஸ்தான் வந்தார். விறாந்தையில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். உட்கார ஒன்றும் இல்லை.

"அந்தச் செவப்புக் கதிரை எங்க, அம்மே?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "எல்லா வீட்டிலயும் பார்த்தேன் நான். தோட்டத்தில எல்லாருக்கும் ஒரே கடையில குடுத்திருக்குது எண்டு நினைச்சேன்."

நானும் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. திருடு பிடிபட்டவள் மாதிரி கூசிப்போய் நின்றாள். பிறகு உள்ளே போய், கத்தார் அத்தை எடுக்காமல் விட்ட விறகுப்பெட்டியை இழுத்து வந்து, அதன்மேல் தன் பொங்கல் சேலையை நாலாக மடித்துப் போட்டாள். "இதுல ஒக்காருங்க மிஸ்" என்றாள். அப்புறம் பிளேன்டீ போட்டு, வீட்டில் இருந்த சீனி முழுவதையும் ஒரு சின்னத் தட்டில் கொட்டிப் பக்கத்தில் வைத்தாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொன்னவர் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை.

மிஸ் போனைத் திறந்தார். இந்தத் தடவை கேள்விகள் பொருட்களைப் பற்றி இல்லை. சாப்பாட்டைப் பற்றி. அம்மாவிடம்தான் கேட்டார், வீட்டில் மூத்தவள் அவள் என்பதால்.

"ஒரு நாளுக்கு எத்தன வேள சாப்பாடு, அம்மே?"

"மூணு வேளையும்தாங்க."

"மீன், முட்டை?"

"மீன் இல்லாம எங்களுக்கு எறங்காதுங்க மிஸ்."

மீன் வண்டி எங்கள் படியோரம் நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்று அந்த மீன்காரருக்கே மறந்திருக்கும். அம்மாவைக் கண்ணால் அதட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்கு வந்திருக்கிற பெண்ணிடம், அதுவும் தன் மகள் வயதுப் பெண்ணிடம், எங்களுக்குச் சோறில்லை என்று எப்படிச் சொல்வது? கேட்டவருக்குச் சாப்பாடு போட முடியாதவள், தனக்கில்லை என்று வேறு சொல்வாளா? எங்கள் பக்கம் பசியைப் பற்றி யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். இப்போதுதான் சாப்பிட்டோம், நீங்கள் சாப்பிடுங்கள்.

"போன ஒரு கிழமைக்குள்ள, சாப்பாடு இல்லாம யாரும் படுத்தாங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லிங்க மிஸ்."

மிஸ்ஸின் விரல் 'இல்லை' என்பதை நோக்கி இறங்கியது. அது பட்டுவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு மேன்முறையீடு கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த அவசரத்தில் எனக்குத் தமிழ் வரவில்லை. சிங்களத்தில் கொட்டினேன். அம்மா இரவில் சாப்பிடுவதே இல்லை, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறாள், பீலியில் கண் இருட்டி உட்கார்ந்தது படகினியால்தான் என்றேன். பசிக்குச் சிங்களத்தில் படகினி என்று பெயர். ஒரு வயதான பெண்ணின் பசியைப் பற்றி, அவள் பக்கத்தில் நிற்கும்போதே, அவளைக் கேட்காமல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். இந்த மலையில் இத்தனை காலம் சிங்கள ஆட்களோடு பால் வெட்டி, சந்தைக்குப் போய்வந்தவள் அவள். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். மெலிந்த கையை மறைத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மிஸ் விரலை எடுத்துவிட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அம்மே, ஏக எத்தத?" என்று மெதுவாகக் கேட்டார். அது உண்மையா என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று அவள் சொன்னால், வந்தவர் முன்னால் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

"எங்க புள்ள பொய் பேசாதுங்க மிஸ்" என்றாள்.

அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள். மிஸ் போனில் தட்டினார், எழுந்தார், சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து என் கையில் கொடுத்தார். வந்தவரை அம்மா படிவரை வந்து வழியனுப்பாதது அதுதான் முதல் தடவை. நான் மட்டும் போனேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நிவாரணப் பட்டியலில் எங்கள் பெயர் வந்துவிட்டது. அம்மாவின் வயிறு இப்போது சரியாகிவிட்டது, இரவிலும் சாப்பிடுகிறாள். நான் சோறு போடும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.